குடிப்பது எதற்காக, அது எப்போது பிரச்சினையாகிறது

கேள்வி இதுதான்: குடிக்கிறவர்களில் பலர் பெரிய சேதம் இல்லாமல் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள், சிலர் மட்டும் வெளியே வர முடியாத அளவுக்குச் சிக்கிக்கொள்கிறார்கள். இந்த வித்தியாசத்துக்கும், அவர்கள் எதற்காகக் குடிக்கிறார்கள் என்பதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பது ஒரு தகவல். அந்தக் குடி அவருக்கு என்ன வேலை செய்து கொடுக்கிறது என்பது இன்னொரு தகவல். வீட்டிலும் சரி, மருத்துவமனையிலும் சரி, முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், "ஏன் இப்படிக் குடிச்சு அழியுறே?" என்று திட்டாகத்தான் அது வெளியே வருகிறது. அதற்கு யாரும் உண்மையான பதில் சொல்ல மாட்டார்கள். பேச்சு அங்கேயே முட்டி நின்றுவிடும். இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி உளவியல் ஆய்வுகள் கடந்த முப்பது நாற்பது வருடங்களில் என்ன கண்டுபிடித்திருக்கின்றன என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடியைத் தீர்மானிக்கிற விஷயங்கள் ஏராளம். பரம்பரை, உடல்வாகு, வளர்ந்த சூழல், பழைய அனுபவங்கள், கையில் இருக்கும் பணம், பக்கத்தில் இருக்கும் ஆட்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 1988ல் மைல்ஸ் காக்ஸ், எரிக் கிளிங்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: இவை எல்லாமே கடைசியில் ஒரு எதிர்பார்ப்பில் வந்து சேர்கின்றன. இப்போது குடித்தால் என் மனநிலை மாறும், குடிக்காமல் இருப்பதைவிட அது நன்றாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. குடிக்கிறவர் இதை உட்கார்ந்து யோசித்து முடிவு செய்கிறார் என்று அர்த்தமில்லை. பழகப் பழக அந்தக் கணக்கு தானாகவே ஓடும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மாற்றத்தை எதிர்பார்த்துத்தான் கை கிளாஸை எடுக்கிறது.

எதிர்பார்ப்புக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு ஒரு பழைய சோதனை நல்ல சான்று. 1973ல் ஆலன் மார்லட்டும் அவருடன் வேலை செய்தவர்களும், பானங்களைச் சுவைத்து மதிப்பெண் போடும் வேலை என்று சொல்லி ஆட்களை அழைத்தார்கள். சிலருக்கு வோட்கா கலந்த டானிக் தண்ணீர், சிலருக்கு வெறும் டானிக் தண்ணீர். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்கு உண்மைக்கு மாறாகச் சொல்லப்பட்டது. முடிவைப் பார்த்தால், உள்ளே வோட்கா இருக்கிறது என்று நம்பியவர்கள் அதிகம் குடித்திருந்தார்கள். நிஜமாகவே இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. குடிநோயாளிகளிடமும் இதே முடிவுதான் வந்தது. "உடம்பு கேட்குது, அதனால குடிக்கிறேன்" என்பது முழுக் கதையும் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. மனம் எதை நம்புகிறது என்பதும் அதே அளவுக்கு வேலை செய்கிறது.

சரி, அந்த எதிர்பார்ப்புகள் என்னென்ன? இதில் அதிகம் பயன்படும் பகுப்பு லின் கூப்பர் என்ற ஆய்வாளருடையது. 1994ல் வளரிளம் பருவத்தினரிடம் நடத்திய ஆய்வில் 20 வாசகங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை அவர் வெளியிட்டார். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான், அல்லது அதன் சுருக்கங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் அடிப்படை எளிமையானது. குடிப்பதன் மூலம் ஒரு நல்ல உணர்வைப் பெறப் பார்க்கிறோமா, அல்லது ஒரு கெட்ட உணர்விலிருந்து தப்பப் பார்க்கிறோமா? அந்த உணர்வு நமக்குள்ளேயே இருப்பதா, அல்லது சுற்றியிருப்பவர்களைப் பொறுத்ததா? இந்த இரண்டையும் சேர்த்தால் நான்கு வகை நோக்கங்கள் கிடைக்கின்றன. நாலு பேரோடு சேர்ந்து சந்தோஷமாக இருக்கக் குடிப்பது சமூக நோக்கம். அந்தப் போதையும் கிறக்கமும் பிடித்திருப்பதால் குடிப்பது கிளர்ச்சி நோக்கம். கவலையை மறக்க, மனதின் கனம் குறையக் குடிப்பது சமாளிப்பு நோக்கம். குடிக்காவிட்டால் ஒதுக்கிவிடுவார்கள், கிண்டல் செய்வார்கள் என்று குடிப்பது இணக்க நோக்கம்.

யாரும் ஒரே ஒரு காரணத்துக்காகக் குடிப்பதில்லை. பெரும்பாலானவர்களிடம் இரண்டு மூன்று கலந்தே இருக்கும். எது தூக்கலாக இருக்கிறது என்பதுதான் விஷயம். இளைஞர்கள் ஏன் குடிக்கிறார்கள் என்று நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி இமானுவேல் குன்ட்ஷே குழுவினர் 2005ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். பெரும்பாலோர் சொன்னது சமூக நோக்கம். ஓரளவு பேர் கிளர்ச்சி நோக்கத்தைச் சொன்னார்கள். சமாளிப்பதற்காக என்றவர்கள் சிலர் மட்டுமே. அந்தச் சிலரிடம்தான் பிரச்சினைகள் குவிந்து கிடந்தன.

சமூக நோக்கத்தோடு குடிப்பவர்களின் குடி பொதுவாக அளவோடு நிற்கிறது. கூட்டம் கலைந்தால் குடியும் முடிந்தது. அதனால் இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. சுற்றியிருக்கும் கூட்டமே பெருங்குடிக் கூட்டமாக இருந்தால் "நான் கம்பெனிக்காக மட்டும்தான் குடிப்பேன்" என்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. இணக்கத்துக்காகக் குடிப்பவர்கள் இன்னும் குறைவாகவே குடிக்கிறார்கள். ஆனாலும் கூப்பரின் ஆய்வில் அவர்களுக்கும் பிரச்சினைகள் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன. தனக்குப் பிடிக்காத ஒன்றை, வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் செய்கிறவர், தன் எல்லை எது என்று தானே தீர்மானிப்பதில்லை. அடுத்தவர்தான் தீர்மானிக்கிறார். அதனால் இந்த முடிவு எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

கிளர்ச்சிக்காகக் குடிப்பவர்களுக்கும் சமாளிப்பதற்காகக் குடிப்பவர்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு. முதல் வகையினர் அதிகம் குடிக்கிறார்கள், அந்த அதிக அளவின் வழியாக அவர்களுக்குப் பிரச்சினை வருகிறது. இரண்டாவது வகையினருக்கோ, அளவு அதிகமாக இல்லாவிட்டாலும் பிரச்சினை வருகிறது. ஒரே அளவு குடிக்கும் இருவரை ஒப்பிட்டால்கூட, கவலையைச் சமாளிக்கக் குடிப்பவருக்குச் சண்டை, வேலையில் தவறு, குற்றவுணர்வு, நிறுத்த முடியாத நிலை ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன.

அதே பாட்டில், அதே அளவு. அப்படியிருக்க ஏன் இந்த வேறுபாடு? நான் புரிந்துகொண்டவரை இதற்குச் சில காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கவலைக்குக் காரணமான விஷயம் குடித்த பிறகும் அப்படியே இருக்கிறது. கடன் இருந்தால் கடன், மணவாழ்வில் கசப்பு இருந்தால் கசப்பு. குடித்த நேரத்தில் அதைத் தீர்க்க ஒன்றும் செய்யப்படாததால் மறுநாள் அது கொஞ்சம் பெரிதாகவே நிற்கிறது. அடுத்தது, நிவாரணம் கிடைக்கும் வேகம். மனது வலிக்கும்போது ஒருவரிடம் பேசுவது, நடந்துவிட்டு வருவது, பிரச்சினையை எடுத்து வைத்து யோசிப்பது எல்லாமே மெதுவாகத்தான் பலன் தரும். மது சில நிமிடங்களிலேயே தருகிறது. வலியை உடனே நிறுத்துகிற எதையும் மூளை மிக ஆழமாகக் கற்றுக்கொள்ளும். அப்புறம், மற்ற வழிகளைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டால், கட்டுப்போட்ட கால் மெலிந்துபோவது போல அந்தத் திறமைகளும் மெலிந்துபோகின்றன. ஐந்தாறு வருடம் ஒவ்வொரு சங்கடத்தையும் குடித்தே கடந்த ஒருவருக்கு, குடிக்காமல் ஒரு சின்ன அவமானத்தைத் தாங்குவதுகூட மலையாகத் தெரியும். அவருக்கு மனவலிமை இல்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவருக்கு அந்தப் பயிற்சி நின்று வருடக்கணக்காகிறது.

இன்னொன்றும் உண்டு. சமாளிக்கக் குடிப்பவர்கள் தனியாகக் குடிப்பது அதிகம். தனியாகக் குடிக்கும்போது "போதும்டா" என்று சொல்ல ஆளில்லை, வீட்டுக்குக் கிளம்பும் நேரம் என்று ஒன்றும் இல்லை. அதனால்தான் ஒருவர் தனியாகக் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டால், அளவைக் கேட்பதற்கு முன்பே நான் கவலைப்படுவேன்.

இந்தச் சமாளிப்பு நோக்கத்துக்குள்ளேயே இரண்டு கிளைகள் இருக்கின்றன. வேலரி கிராண்ட், ஷெரி ஸ்டூவர்ட் குழுவினர் 2007ல் கூப்பரின் கேள்வித்தாளைத் திருத்தி, பதற்றத்துக்காகக் குடிப்பதையும் சோகத்துக்காகக் குடிப்பதையும் தனித்தனியாக அளந்தார்கள். இரண்டும் வேறு வேறு மாதிரியே நடந்துகொள்கின்றன. சோகத்துக்குக் குடிப்பவருடைய மனதின் அடியில் பெரும்பாலும் நம்பிக்கையின்மை கிடக்கும். எதுவும் மாறப்போவதில்லை, நினைக்காமலாவது இருப்போம் என்பதுதான் அவருடைய எண்ணம். பதற்றத்துக்குக் குடிப்பவருக்கு எதிர்காலத்தைப் பற்றிய பயம் இருக்கும், மனிதர்களைப் பற்றிய பயம் இருக்கும், சில சமயம் தன் நெஞ்சு படபடப்பதைப் பற்றியே பயம் இருக்கும். நாலு பேர் நடுவே பேச வாய் வராதவர் இரண்டு பெக் போட்டதும் கலகலப்பாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது கூடிக் களிப்பதற்கான குடி போலத் தெரியும். உள்ளே நடப்பது பயத்தைச் சமாளிப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகவும் சுலபம், அதனாலேயே இதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

பதற்றத்துக்கு மது ஏன் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது, அப்புறம் ஏன் காலை வாருகிறது என்பதற்கு மூளையில் காரணம் இருக்கிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. மூளையைத் தூண்டிவிடும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. அதனால்தான் அந்த இறுக்கம் தளர்கிறது. ஆனால் தினமும் இப்படி நடந்தால் மூளை தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும். அமைதிப்படுத்தும் பக்கத்தைக் குறைத்து, தூண்டும் பக்கத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். மது இறங்கியதும் அந்தக் கூட்டி வைத்த தூண்டல் மட்டும் மிஞ்சுகிறது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமே தெரியாத பயம் எல்லாம் வருகின்றன. குடிக்கிறவருக்கு அது தன் பழைய பதற்ற நோயே அதிகமாகிவிட்டது போலத் தோன்றும். "பாருங்க, குடிக்கலைன்னா எனக்கு எப்படி ஆகுதுன்னு" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தில் கணிசமான பங்கை உண்டாக்கியது நேற்றைய குடி. தூக்கமும் இதே கதைதான். மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் இரவின் பின்பாதியைக் கிழித்துவிடும். விடிகாலையில் விழிப்பு வரும், கனவு காணும் தூக்கம் கெடும், பகலெல்லாம் சோர்வும் எரிச்சலும் இருக்கும். அதைப் போக்க மறுபடியும் மாலையில் ஒரு கிளாஸ். தூக்கத்துக்காக மட்டும் கொஞ்சம் குடிக்கிறேன் என்று ஆரம்பித்தவர்கள் இந்தச் சுழலில் மாட்டுவது சர்வ சாதாரணம்.

கவலையை மறக்கக் குடிப்பவர் சில நாள் சிரிக்கிறார், சில நாள் அழுது தீர்க்கிறாரே, அது ஏன் என்று கேட்கலாம். கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் இருவரும் 1990ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மது நம் கவனத்தைக் குறுக்கிவிடுகிறது. கண் முன்னால் பளிச்சென்று இருப்பது மட்டும் மனதில் நிற்கும், மற்றது எல்லாம் மங்கிப்போகும். அதனால் குடித்துக்கொண்டே ஒரு ஆட்டத்தையோ அரட்டையையோ கவனித்துக்கொண்டிருந்தால் கவலை மறந்துபோகலாம். குடித்துவிட்டு வெறுஞ்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் கண் முன்னால் இருப்பது கவலை ஒன்றுதான். குறுகிய கவனம் முழுக்க அதன் மேலேயே குவியும், கவலை இன்னும் பெரிதாகும். தனிமையில் சோகத்துக்காகக் குடிப்பவருடைய நிலைமை இதுதான். எந்த நிவாரணத்துக்காகக் குடிக்கிறாரோ அதுகூட அவருக்கு நிச்சயமில்லை. குடித்த நிலையில் தற்கொலை முயற்சிகள் நடப்பதற்கும் இந்தக் குறுகிய கவனத்துக்கும் தொடர்பு இருப்பதால், இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மனமுடைந்தவர் ஒருவர் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தால் அவர் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைப் படித்தால், மனது சரியில்லாத நாட்களில்தான் மக்கள் அதிகம் குடிப்பார்கள் என்று தோன்றும். நாள்தோறும் மனநிலையையும் குடியையும் குறித்துவைக்கச் சொல்லி நடந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 69 ஆய்வுகளின் தரவுகளை, 12,000க்கும் மேற்பட்டவர்களுடையதை, ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்து 2023ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மனம் வாடிய நாட்களில் மக்கள் கூடுதலாகக் குடித்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. சந்தோஷமான நாட்களில்தான் கூடுதலாகக் குடித்திருந்தார்கள். அப்படியானால் சமாளிப்பு நோக்கம் என்பதே கற்பனையா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பான்மையும் சிகிச்சை தேவைப்படாத, சாதாரணமாகக் குடிப்பவர்கள். அவர்களுடைய குடி கொண்டாட்டத்தோடு ஒட்டியது, எனவே அந்த முடிவு அவர்களுக்குப் பொருந்துகிறது. அதோடு, "கவலைக்காகக் குடிக்கிறேன்" என்று சொல்பவர் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிப் பேசவில்லை. தன் வாழ்க்கையையும் தன் குடியையும் பார்த்துத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் விளக்கம் அது. அந்த விளக்கத்தைச் சொல்கிறவர் ஏற்கெனவே துன்பத்தில் இருக்கிறார், வேறு வழி தெரியாமல் இருக்கிறார் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. ஆகவே "சோகம் வந்தது, குடித்தார்" என்று ஒவ்வொரு நாளையும் நேர்க்கோட்டில் விளக்கிவிட முடியாது. குடும்பத்தினருக்கும் இது உதவும். இன்று ஒன்றுமே நடக்கவில்லையே, ஏன் குடித்தார் என்று குழம்ப வேண்டியதில்லை.

கிளர்ச்சிக்காகக் குடிப்பவரிடம் மறுபடி வருகிறேன், ஏனென்றால் மேலே சொன்னதைக் கேட்டு அவர் நிம்மதியடைந்துவிடக் கூடாது. ஜாலிக்காகக் குடிப்பதால் தனக்கு ஆபத்தில்லை என்று நினைப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது: உங்களுக்கு ஆபத்து வருகிற வழி வேறு, அவ்வளவுதான். ஒரே அமர்வில் அளவுக்கு மீறிக் குடிப்பது இவர்களிடம்தான் அதிகம். விபத்து, அடிதடி, பாதுகாப்பற்ற உடலுறவு எல்லாம் அந்த ஒரு இரவில் நடந்து முடிந்துவிடும். கல்லீரலுக்கும் நோக்கம் எதுவென்று தெரியாது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே சேர்த்துவிட்டது. சந்தோஷமாகக் குடித்தாலும் சோகமாகக் குடித்தாலும் அது ஒன்றுதான். இன்னொரு விஷயம், "நான் எவ்வளவு குடித்தாலும் ஸ்டெடியா இருப்பேன்" என்று பெருமைப்படுகிறவர்களைப் பற்றியது. மார்க் ஷுக்கிட் என்ற மருத்துவர் குடிநோயாளிகளின் மகன்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார். இளம் வயதில் மதுவின் பாதிப்பு குறைவாகத் தெரிந்தவர்கள்தான் பின்னாளில் குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார். போதும் என்று உடல் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததால், அதே கிறக்கத்துக்கு அவர்கள் அதிகம் குடிக்க வேண்டியிருக்கிறது.

ஆரம்பித்த காரணமும் தொடரும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். கூட்டத்துக்காக ஆரம்பிக்கிறார். அந்தக் கிறக்கம் பிடித்துப்போகிறது. வாழ்க்கையில் ஒரு அடி விழும்போது, ஏற்கெனவே கையில் பழகிய ஒன்று என்பதால் அதையே எடுக்கிறார். கடைசியில், குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது என்பதற்காகக் காலையிலேயே குடிக்கிறார். மூளை ஆய்வாளர் ஜார்ஜ் கூப் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். தொடக்கத்தில் இன்பம் இழுக்கிறது, பிறகு துன்பத்திலிருந்து விடுபடும் தேவை தள்ளுகிறது. இன்பம் தரும் அமைப்புகள் மழுங்கி, மனஅழுத்தத்தை உண்டாக்கும் அமைப்புகள் விழித்துக்கொள்வதால், குடிக்காத நேரத்தின் இயல்பு மனநிலையே கீழே இறங்கிவிடுகிறது. ராபின்சன், பெர்ரிட்ஜ் இருவரும் 1993ல் சொன்ன கருத்தும் இங்கே பொருந்தும். ஒன்றை விரும்பி அனுபவிப்பதும், அது வேண்டும் என்று தவிப்பதும் மூளையில் வேறு வேறு. அனுபவிப்பது குறைந்துகொண்டே வந்தாலும் தவிப்பு கூடிக்கொண்டே போகலாம். "இப்பல்லாம் குடிச்சா ஒரு சுகமும் இல்லைங்க, ஆனா விட முடியலை" என்று அவர்கள் சொல்வதை அப்படியே நம்பலாம்.

அதனால், ஐந்து வருடத்துக்கு முன் சொன்ன காரணத்தையே இன்றும் சொல்பவரிடம் கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும். அந்தக் காரணம் என்றைக்கோ போய்விட்டிருக்கலாம். இப்போது அங்கே இருப்பது மதுவே உண்டாக்கிய தேவையாக இருக்கலாம். "இதெல்லாம் சாக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். சாக்காகவே இருந்தாலும் எந்தச் சாக்கைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் தகவல் இருக்கிறது. தூக்கத்தைச் சொல்கிறாரா, நண்பர்களைச் சொல்கிறாரா, தனிமையைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நோக்கம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் சொல்லவில்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி குடிநோய்க்கு ஆளாவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு மரபணுக்களைச் சேர்ந்தது. கிழக்காசியாவில் பலருக்கு மதுவைச் சிதைக்கும் நொதி ஒன்று சரியாக வேலை செய்யாது. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அது அவர்களைக் குடிநோயிலிருந்து ஓரளவு காக்கிறது. விலை, கடை திறந்திருக்கும் நேரம், எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பதும் பெரிய விஷயங்கள். ஆனால் மரபணுவை மாற்ற முடியாது, விலை ஒரு தனி மனிதர் கையில் இல்லை. நோக்கத்தைப் பற்றி மட்டும் அவரோடு உட்கார்ந்து பேச முடியும்.

பிரச்சினை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய நல்ல கருவிகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற கேள்வித்தாளில் 10 கேள்விகள், மொத்த மதிப்பெண் 40. எட்டு அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு 11 அறிகுறிகளைத் தருகிறது. நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, தவிப்பு, கடமைகளில் தவறுவது, உறவு கெட்டும் தொடர்வது, முன்பு குடித்த அளவு போதாமல் போவது போன்றவை. ஒரு வருட காலத்தில் இரண்டு இருந்தாலே அது நோய்க் கணக்கில் வரும், ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் தீவிரம். இந்தப் பதினொன்றில் ஒன்றுகூட "ஏன் குடிக்கிறீர்கள்" என்று கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நோயை அடையாளம் காண அது தேவையில்லை. சிகிச்சையைத் தீர்மானிக்கத் தேவை.

ஏனென்றால், குடியை நிறுத்தச் சொல்லும்போது அவரிடம் இருந்த ஒரே தீர்வையும் பறிக்கிறோம். அது மோசமான தீர்வாக இருந்தாலும் அவருக்கு அதுதான் தெரியும். அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். மனிதர்களைக் கண்டு பயப்படுபவருக்கு அந்தப் பயத்துக்கான சிகிச்சையும், கிளர்ச்சி தேடுபவருக்கு உடலை ஈடுபடுத்தும் வேறு ஈடுபாடுகளும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவருக்கு அதைச் சொல்லிப் பழகும் பயிற்சியும் தேவை. பட்ரீஷியா கான்ராட் என்பவர் வளரிளம் பருவத்தினருக்காக இதே அடிப்படையில், ஒவ்வொருவரின் சுபாவத்துக்கு ஏற்ப வேறு வேறு குறுகிய பயிற்சிகளை உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வதைவிட இது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

இங்கே பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். முதலில் மனச்சோர்வைச் சரிசெய்வோம், குடி தானாக நின்றுவிடும் என்கிறார்கள். பெரும்பாலும் நிற்காது. பல நாள் தொடர்ந்து குடித்தவரிடம் தெரியும் மனச்சோர்வில் பெரும் பகுதி குடியாலேயே வந்ததாக இருக்கும். குடியை நிறுத்தினால் மூன்று நான்கு வாரங்களில் அது கணிசமாகக் குறைவதை ஷுக்கிட் குழுவினர் 1988லேயே காட்டினார்கள். அதற்குப் பிறகும் இருப்பதைத் தனி நோயாகக் கருதிச் சிகிச்சை தர வேண்டும். இரண்டையும் சேர்த்தே கவனிப்பதுதான் சரியான வழி. மருந்துகளும் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன் மதுவின் இன்பத்தை மட்டுப்படுத்துகிறது, அகாம்ப்ரோசேட் நிறுத்தியவர்கள் தொடர்ந்து குடிக்காமல் இருக்கத் துணை செய்கிறது. எது யாருக்கு என்பதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும்.

தினமும் அதிகம் குடிக்கும் ஒருவர் வீறாப்பில் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் ஆள் குழம்பி, இல்லாததைக் காணும் நிலை வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவராக இருந்தால் மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

நிறுத்திய பிறகு மறுபடி வழுக்குவது எந்தச் சூழலில் என்று மார்லட் ஆராய்ந்திருக்கிறார். கெட்ட மனநிலை, மற்றவர்களோடு மோதல், கூட்டத்தின் வற்புறுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து முக்கால் பங்குக்கு அருகில் வந்தன. ஒருவர் எந்தச் சூழலில் வழுக்குவார் என்பதை அவருடைய பழைய நோக்கத்தைப் பார்த்தாலே ஓரளவு யூகிக்கலாம். நண்பர்களுக்காகக் குடித்தவருக்குக் கல்யாண வீட்டின் முதல் அரை மணி நேரம் கஷ்டம். கவலைக்காகக் குடித்தவருக்கு சண்டை நடந்த இரவு கஷ்டம். கிளர்ச்சிக்காகக் குடித்தவர் நல்ல செய்தி வந்த நாளில் அசந்துபோவார்.

ஒருமுறை வழுக்கியதும் "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற எண்ணம் வரும். ஒரு கிளாஸை ஒரு மாதக் குடியாக ஆக்குவது பெரும்பாலும் இந்த எண்ணம்தான். சமாளிப்பதற்காகக் குடித்தவருக்கு அந்தக் குற்றவுணர்வே மறுபடி குடிக்க ஒரு காரணமாகிவிடும். எனவே அப்படி ஒரு இரவு வந்தால் யாருக்குப் போன் செய்வது, வீட்டில் யார் பேசுவது, யார் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருப்பது, மறுநாள் எந்த மருத்துவரைப் பார்ப்பது என்பதை எல்லாம், அவர் தெளிவாக இருக்கும் ஒரு நல்ல நாளில் அவரையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்துவிடுங்கள். எழுதி வைத்துக்கொண்டாலும் நல்லது.